பென்னிகுவிக் நாளும் பெயர் எழுதப்படாதவர்களின் நாளும்

(பொங்கல் வாரத்தில் நமது மருத்துவமனை வளாகத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில், கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத அன்பர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடுகிறோம்.)

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நின்று பேசிப் பழகியவன். மணி அடித்தால்தான் நிறுத்துவேன். ஆகவே மணி அடிக்க ஒருவரை இப்போதே நியமித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கனடாவில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பம் ஒன்று இந்த மருத்துவமனைக்கு நெடுநாளாக உதவி செய்து வருகிறது. அக்குடும்பத்துப் பெரியவர் இந்தப் பொங்கலுக்கு வந்திருக்கிறார். அதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நேற்று மாலை என் வீட்டுக்கு வந்தவர், எனக்கு ஒரு சுவர் நாட்காட்டியைக் கொடுத்தார். அந்த நாட்டு வரலாற்றில் நடந்த முக்கியமான சம்பவங்களும், பெரியவர்களின் பிறந்த நாட்களும் அதில் அந்தந்தத் தேதிக்குக் கீழே அச்சாகியிருந்தன. ஜூலை 1ஐப் பார்த்தால், 1867ஆம் ஆண்டு அந்நாளில்தான் கனடா ஒரே நாடாக உருவாயிற்று என்று இருக்கிறது. ஜனவரி மாதம் முழுவதையும் தமிழ் மரபு மாதமாக அந்நாட்டு நாடாளுமன்றம் 2016ல் ஏற்றுக்கொண்டதையும் அவர் பெருமையோடு காட்டினார். நம் பொங்கல்தான் அதற்குக் காரணம் என்று சொன்னார். காட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “ஐயா, உங்கள் பள்ளத்தாக்குக்கு இப்படி ஒரு நாட்காட்டி போட்டால் எந்தெந்த நாளை எழுதுவீர்கள்?”

உடனே நாலைந்து தேதிகள் சொல்லிவிட்டேன். வாத்தியார் அல்லவா, தேதி கேட்டால் வாய் சும்மா இருக்காது. மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து தேனி மாவட்டம் தனியே இயங்கத் தொடங்கிய நாள் 1997 ஜனவரி 1. வைகை அணை திறக்கப்பட்டது 1959 ஜனவரி 21. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928ல். அகலப் பாதையாக மாற்றுவதற்காகப் பல ஆண்டுகள் நின்றுபோன அந்த ரயில், தேனிக்குத் திரும்பி வந்தது 2022 மே 27. நம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023. இவற்றையெல்லாம் சொன்ன பிறகு, எல்லாருக்கும் தெரிந்த இரண்டு நாட்களைச் சொன்னேன். ஒன்று ஜனவரி 15, ஜான் பென்னிகுவிக் பிறந்த நாள். மற்றது அக்டோபர் 10, முல்லைப் பெரியாறு அணை திறந்த நாள். அவர் போனபிறகு இரவில் படுத்துக்கொண்டு யோசித்தேன். இந்த இரண்டு நாட்களுக்கு இடையே ஏதோ ஒன்று விட்டுப்போயிருப்பது போலத் தோன்றிற்று. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஜனவரி 15ஐ நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தைப்பொங்கலை ஒட்டி வரும் அந்த நாளில், பாலார்பட்டியிலும் இன்னும் பல ஊர்களிலும் மக்கள் ஒன்றுகூடி, ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். அவருடைய படத்துக்கு மாலை போடுகிறார்கள். ஊர்வலம் போகிறார்கள், தேவராட்டம் ஆடுகிறார்கள். நம் பக்கத்தில் பல வீடுகளில் அவருடைய படம் குடும்பத்துப் பெரியவர்களின் படங்களோடு சேர்ந்து தொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. லோயர் கேம்ப்பில் அரசு எழுப்பிய மணிமண்டபம் 2013ஆம் ஆண்டு இதே ஜனவரி 15ல் திறக்கப்பட்டது. 2022ல் தமிழ்நாடு அரசின் செலவில் இங்கிலாந்தின் கேம்பர்லி நகரிலேயே அவருக்குச் சிலை வைத்தார்கள். அவர் 1911 மார்ச் 9ஆம் தேதி காலமான ஊர் அது. ஆண்டுகொண்டிருந்த தேசத்தின் அதிகாரி ஒருவருக்கு, ஆளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இத்தனை மனமொப்பி நன்றி சொல்வது நம் தேசத்தில் எத்தனை இடத்தில் நடக்கிறது? அந்த நன்றியை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான்.

பென்னிகுவிக் பிறந்தது நம் தேசத்திலேதான், 1841ல் புனேயில். தகப்பனார் ராணுவத்தில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13ஆம் தேதி பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா போரில் தகப்பனாரும், கூடவே இருந்த அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டே நாள் இருந்தது. நாம் கொண்டாடுகிற ஜனவரி 15, அந்த வீட்டில் எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும் என்று நான் பல முறை எண்ணியதுண்டு. பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே அந்தத் தாய்க்கு வேறொரு நாள் வந்துவிடும்.

இனி அணையைப் பற்றி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டுகிறது. இந்தப் பக்கம் மேகம் வெறுங்கையோடு வருகிறது. பெரியாறு மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுகிறது. வைகையோ வருஷத்தில் பாதி நாள் மணலாய்க் கிடக்கும். அந்தத் தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்ற எண்ணம் வெள்ளைக்காரருடையது மட்டும் அன்று. 1789லேயே ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பிப் பார்வையிடச் செய்தார். முடியக்கூடியதுதான், ஆனால் செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். 1808ல் கால்டுவெல் என்ற கேப்டன் ஆராய்ந்து, இது ஆகாத காரியம் என்று எழுதிவைத்தார்.

இதற்குப் பிறகு வந்த ஒரு முயற்சியை மருத்துவமனைக் குடும்பத்தாராகிய நீங்கள் கவனிக்க வேண்டும். 1850ல் ஒரு மண் அணை கட்டத் தொடங்கினார்கள். அது ஏன் நின்றுபோயிற்று தெரியுமா? வேலைக்குப் போனவர்கள், இந்தக் காட்டில் உடம்புக்கு ஆகவில்லை, கூலியைக் கூட்டிக் கொடுங்கள் என்றார்கள். கொடுக்க மனமில்லை; வேலை நின்றது. வெள்ளமோ பாறையோ அதை நிறுத்தவில்லை. காட்டு நோய்க்கு அஞ்சிய கூலியாட்கள் கேட்ட நியாயமான கூலிதான் நிறுத்திற்று. இந்தச் செய்தியை நான் எந்த மணிமண்டப விழா மேடையிலும் கேட்டதில்லை.

பிற்பாடு 1860களில் ரைவ்ஸ் என்ற அதிகாரி புதிய திட்டம் போட்டார். அதற்குள் தாது வருஷப் பஞ்சம் வந்துவிட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மனிதர் ஈசல்போல் விழுந்தார்கள். 1882ல் திட்டத்தைத் திருத்தும் பொறுப்பு மேஜர் பென்னிகுவிக்கிடம் வந்தது. திருவிதாங்கூர் மகாராஜாவோடு 1886 அக்டோபர் 29ல் குத்தகை ஒப்பந்தம் எழுதப்பட்டது: எண்ணாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், 999 வருஷம். 1887ல் வேலை தொடங்கிற்று.

அப்போது தேனிக்கு ரயில் இல்லை. சாமான்கள் யாவும் மாட்டு வண்டியில் வந்து, அடிவாரத்திலிருந்து மலை ஏறி, காட்டைக் கடந்து போகவேண்டும். சிமெண்ட் அணை அன்று அது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டியது. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்த தூள். சுண்ணாம்போடு அதைச் சேர்த்தால் ஈரத்திலும் கல்லாய் இறுகும். நம் வீட்டுப் பெரியவர்களின் பழைய வீடுகளில் இந்தச் சுண்ணாம்புக் காரையைப் பார்த்திருப்பீர்கள். இதைக்கொண்டு அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரத்துக்கு, சுமார் 1200 அடி நீளத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். ஓடுகிற ஆற்றின் நடுவே அடித்தளம் போடுவதுதான் பெருந்துன்பமாயிருந்தது. ஆற்றை ஒதுக்க ஒரு தற்காலிக அணை போடுவார்கள். மழை வந்து அடித்துக்கொண்டு போகும். மறுபடியும் போடுவார்கள், மறுபடியும் போகும். சென்னை ராணுவத்தின் பயனியர் படைகள் இரண்டு அங்கே வேலை செய்தன. கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள் வந்தார்கள். மற்றபடி மண் வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள், காரை சுமந்தவர்கள் எல்லாரும் கூலிக்கு வந்த ஏழை ஜனங்கள்.

அணையில் தேங்கிய நீர், மலையைக் குடைந்த ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வந்து, லோயர் கேம்ப் பக்கம் இறங்கி, வைரவனாற்றில் சேர்ந்து, நம் பள்ளத்தாக்கு நெடுக ஓடி வைகையை அடைகிறது. 1895 அக்டோபர் 10ஆம் தேதி சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். நம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இரண்டு போக நெல். அதற்குக் கீழே மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை எத்தனையோ ஊர்கள் அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கின்றன. அணையின் பலத்தைப் பற்றி மலைக்கு அந்தப் பக்கத்து மக்களுக்குள்ள பயத்தையும், 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நீங்கள் அறிவீர்கள். அந்த வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. ஆற்றின் கீழே குடியிருப்பவன் பயப்படுவது பாவமல்ல என்று மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

இப்போது விட்டுப்போனவர்களிடத்தில் வருகிறேன். அந்த எட்டு வருஷ வேலையில் நோயினால் மட்டும் இறந்தவர்கள் 483 பேர் என்பது பதிவில் உள்ள கணக்கு. அணைக்கு வடக்கே காட்டுக்குள் அவர்களைப் புதைத்த கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெள்ளத்தில் போனவர்கள், பாறை விழுந்து செத்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. காய்ச்சலோடு மலை இறங்கி வந்து, தன் குடிசையில் கிடந்து செத்தவனை அந்தக் கணக்குப் பிள்ளை எண்ணியிருக்க முடியாது என்பது என் எண்ணம். 483 என்பது அங்கேயே விழுந்தவர்களின் எண்ணிக்கை.

அவர்கள் எதனால் செத்தார்கள் என்பதை நம் டாக்டர்கள் என்னைவிட நன்றாய்ச் சொல்வார்கள். முறைக்காய்ச்சல் என்று அந்நாளில் சொன்ன மலேரியாவும், வாந்திபேதியும்தான் காட்டில் கூடாரம் போட்டவர்களைக் கொன்றன. காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவிலே கண்டு சொன்னது 1884ல். அணை வேலை தொடங்குமுன்னே தெரிந்துவிட்ட சங்கதி அது. ஆனால் ஒரு காட்டு முகாமில் ஆயிரக்கணக்கான கூலிகளுக்குக் கொதிக்கவைத்த தண்ணீர் யார் கொடுப்பார்? மலேரியாவின் காரியமோ இன்னும் வேதனையானது. மருந்து இருந்தது, கொய்னாவைப் பிரித்தெடுத்தது 1820லேயே. நீலகிரியில் சின்கோனா மரங்கள் நின்றன. ஆனால் நோய் எப்படி வருகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. கெட்ட காற்றினால் வருகிறது என்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். கொசுவினால் வருகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்திலே கண்டுபிடித்த நாள் 1897 ஆகஸ்ட் 20. அணை திறந்து இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. நம் நாட்காட்டியில் அந்த நாளையும் எழுதவேண்டும் என்பேன். ஒரு கொசு வலையின் விலை அந்த 483 பேரில் எத்தனை பேரை வீட்டுக்குத் திரும்ப அனுப்பியிருக்கும் என்பதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

மேடைகளில் இன்னொரு கதை சொல்வார்கள். நீங்கள் யாவரும் கேட்டிருப்பீர்கள். அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டது, பென்னிகுவிக் இங்கிலாந்து போய்த் தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது கதை. நானும் வகுப்பில் பல வருஷம் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “சார், எவ்வளவு நகை சார்? இம்புட்டுப் பெரிய அணைக்கு?” என்று கேட்டான். எண்பது லட்ச ரூபாய்க்கு மேல் செலவான வேலை அது, அந்தக் காலத்துப் பணத்தில். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்குப் பிறகு பலரிடம் விசாரித்தேன். சொல்கிறவர்கள் அநேகர், இதோ ஆதாரம் என்று ஒரு தாளைக் காட்டியவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. கட்டுமானத்தில் கூட இருந்த மெக்கென்சி என்ற இஞ்சினியர் 1899லேயே பெரியாறு திட்டத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதி வைத்துவிட்டார். ஆகவே எழுதப்படாத காரியம் அல்ல இது. கதையைச் சொல்லக்கூடாது என்று நான் தடுக்கவில்லை. ஆனால் நகை விற்றதைச் சொல்லி நாம் கண்ணீர் விடுகிறபோது, நகையே இல்லாதவர்கள் அங்கே உயிரைக் கொடுத்தது நம் கண்ணில் படாமல் போகிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பென்னிகுவிக்குக்கு இந்த ஜோடனை தேவையுமில்லை. அடித்துப்போன அணையை மறுபடி மறுபடி கட்டியவர் என்ற ஒன்றே போதும்.

கனடாப் பெரியவரிடம் இதை இன்று காலையில் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்கள் ஊரிலும் இதே கதைதான்” என்றார். அவர் குடியிருப்பது தலைநகரமாகிய ஒட்டாவாவில். அந்த நகரத்தின் நடுவே ரிடோ என்ற கால்வாய் ஓடுகிறது. கிங்ஸ்டன் நகரம்வரை 202 கிலோமீட்டர். 1826 முதல் 1832 வரை வெட்டினார்கள். பொறுப்பாயிருந்தவர் பென்னிகுவிக்கைப் போலவே ஒரு ராணுவ இஞ்சினியர், கர்னல் ஜான் பை. அமெரிக்கரோடு சண்டை வந்தால் படையும் சாமானும் பத்திரமாய்ப் போக வழி வேண்டும் என்று வெட்டிய கால்வாய் அது. செலவு மதிப்பீட்டுக்கு மேல் போயிற்று என்று அவரை லண்டனுக்குத் திரும்ப அழைத்துக் கணக்குக் கேட்டார்கள். மரியாதை ஒன்றும் பெறாமலே 1836ல் செத்துப்போனார். அவர் பெயரால் பைடவுன் என்று வழங்கிய ஊர்தான் 1855ல் ஒட்டாவா ஆயிற்று. இன்றைக்கு அந்த நகரத்தார் ஆகஸ்ட் மாத முதல் திங்கட்கிழமையைக் கர்னல் பை நாள் என்று விடுமுறையாய்க் கொண்டாடுகிறார்கள். 2007ல் யுனெஸ்கோ அந்தக் கால்வாயை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிற்று.

அங்கே செத்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் என்கிறார்கள். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கூலிகளும், பிரெஞ்சு பேசும் உள்ளூர் ஏழைகளும் அவர்களில் அதிகம். அதில் பாதிப்பேருக்கு எமனாய் வந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? மலேரியா! பனி உறைகிற கனடாவிலே மலேரியாவா என்று நான் நம்பவில்லை. கோடையில் சதுப்பு நிலத்தில் அங்கேயும் கொசு உண்டு, அந்நாளில் அந்தக் காய்ச்சலும் உண்டு என்று பெரியவர் விளக்கினார். இங்கே 483, அங்கே ஏறக்குறைய ஐந்நூறு. இரண்டு அணைகளுக்கும், தப்பு, ஒரு கால்வாய்க்கும் ஒரு அணைக்கும் நடுவே அறுபது வருஷம் போயிருக்கிறது. கர்னலுக்கு ஒரு நாள் கிடைத்தது. கூலிகளுக்காகக் கிங்ஸ்டனிலும் ஒட்டாவாவிலும் கற்சிலுவைகள் நாட்டப்பட்டது இந்த இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்தபிறகுதான். தொழிலாளர் சங்கத்தாரும் அயர்லாந்து வழி வந்தவர்களும் கேட்டுக் கேட்டு நடந்த காரியம் என்றார்.

அந்த நாட்காட்டியில் நவம்பர் 7ஐயும் அவர் எனக்குக் காட்டினார். 1885ல் அன்றைக்குத்தான் கனடாவைக் குறுக்கே இணைத்த ரயில் பாதையின் கடைசி ஆணியை அடித்தார்கள். அதன் புகைப்படம் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியுமாம். தாடி வைத்த கனவான் ஒருவர் குனிந்து சுத்தியலால் அடிக்கிறார்; சுற்றிலும் ஆட்கள். மலைப்பகுதியில் அந்தப் பாதையைப் போட்ட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளரில் ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை. அவர்களில் அறுநூறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். வேலை முடிந்த அதே வருஷம், இனிச் சீனர் நாட்டுக்குள் வந்தால் தலைக்கு ஐம்பது டாலர் வரி என்று சட்டம் போட்டார்கள். அந்தத் தலைவரிக்காக அந்நாட்டு அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2006 ஜூன் 22ல். நாடு பெரிதானாலும் சிறிதானாலும் படம் எடுக்கிற அன்றைக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்பது ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

இவ்வளவும் நான் ஏன் இழுத்துக்கொண்டு வருகிறேன் என்றால், என் சொந்த வீட்டில் ஒரு காரியம் உண்டு. என் அப்பத்தா ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். தாத்தா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு மெழுகுவர்த்தி மிச்சம் வைத்திருப்பார். திரும்பி வருகிற வழியில் வயலுக்குத் திரும்பி, வாய்க்கால் கரையில், காற்றுக்குச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு அதை ஏற்றுவார். “இது யாருக்கு அப்பத்தா?” என்று கேட்டால், “மலைக்குப் போன மாமாவுக்குடா” என்பார். தாத்தாவுடைய பெரியப்பா ஒருவர் கூலி நல்ல கூலி என்று கேள்விப்பட்டு மலைக்கு வேலைக்குப் போனாராம், வரவேயில்லை. என்ன வருஷம், என்ன மாதம், தெரியாது. காய்ச்சல் கண்டது என்று கூடப் போனவன் ஒருவன் வந்து சொன்னதோடு சரி. கல்லறை எங்கே என்று தெரியாதவருக்கு எங்கே ஏற்றுவது? தண்ணீர் வருகிற கரையில் ஏற்றினால் போய்ச் சேரும் என்பது அப்பத்தாவின் கணக்கு. தண்ணீர் அங்கேயிருந்து இங்கே வருகிறது, இங்கேயிருந்து அங்கே போகாதே என்று நான் ஒரு வருஷம் கெட்டிக்காரத்தனமாய்ச் சொன்னேன். ஓங்கி ஒரு குட்டு விழுந்தது.

அப்பத்தா போனபிறகு எங்கள் வீட்டில் அந்த ஒற்றை மெழுகுவர்த்தி நின்றுவிட்டது. நான்தான் நிறுத்தினேன் என்று சொல்லவேண்டும். படித்தவன், வாத்தியார், வயல் வரப்பில் உட்கார்ந்து மெழுகுவர்த்தி ஏற்றினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். பென்னிகுவிக் நாளுக்கு வருஷா வருஷம் மேடை ஏறிப் பேசினேன். என் வீட்டு ஆள் ஒருவர் அதே அணையில் செத்ததை ஒரு மேடையிலும் சொல்லவில்லை. அவருடைய பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பெயர் எனக்குத் தெரியாது. அப்பத்தா மாமாவின் பெயரைச் சொல்லமாட்டார், அந்தக் காலத்து வழக்கம். தெரிந்த என் அப்பாவிடமும் நான் கேட்டுவைக்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு நாம் நினைத்தபோது போகவும் முடியாது. அது கேரள எல்லைக்குள், புலிகள் சரணாலயத்துக் காட்டுக்குள் இருக்கிறது; அனுமதி வேண்டும். ஆனபடியால் ஒரு சிறிய காரியம் தொடங்கியிருக்கிறேன். நம் பள்ளத்தாக்கில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கத்து வீடுகளில் இப்படி மலைக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய பேச்சு இன்னும் சில பெரியவர்களின் வாயில் மிச்சம் இருக்கக்கூடும். அதை எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். ஊர், தகப்பன் பெயர், வேலை, யார் சொன்னது, இவ்வளவுதான். இதுவரை ஒரு பக்கம்கூட நிறையவில்லை. முதல் வரியில் என் வீட்டு ஆளை எழுதினேன். பெயருக்கு நேரே கோடு போட்டிருக்கிறேன்.

இங்கே வார்டிலே படுத்திருக்கிற பாட்டிமார், தாத்தாமாரிடம் மருந்து கொடுக்கிற நேரத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், சிஸ்டர். எண்பது, தொண்ணூறு வயதானவர்கள் உங்களிடத்தில்தான் வருகிறார்கள். “உங்க வீட்டிலே யாராச்சும் அணை கட்ட மலைக்குப் போனாங்களா பாட்டி?” என்று கேட்டால் போதும். நேற்றுச் சாப்பிட்டது மறந்தாலும் இது மறந்திருக்காது. பதில் கிடைத்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். தூரத்தில் இருக்கும் ஆதரவாளர்கள் தங்கள் சொந்த ஊர்ப் பெரியவர்களுக்குப் போன் செய்யும்போது கேட்டு, மருத்துவமனை முகவரிக்கே எழுதலாம் என்று நிர்வாகத்தார் சம்மதித்திருக்கிறார்கள். வரும் அக்டோபர் 10ஆம் தேதி அந்த நோட்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ, அத்தனையையும் லோயர் கேம்ப்பில், தண்ணீர் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று, சத்தமாய் வாசிக்கப்போகிறேன். வருகிறவர்கள் வரலாம், கூட்டம் வேண்டாம், மைக் வேண்டாம்.

மணி அடிக்க நியமித்த தம்பி எழுந்து நிற்பது தெரிகிறது. நோட்டு வாசலில் மேஜைமேல் இருக்கிறது, பக்கத்தில் பேனாவும் இருக்கிறது.